சந்தைத்திடல் 2 ஏக்கர் 47 சென்ட்

‘ஊரும் அளவும்’ பகுதி. வாசகர் கேள்விகளுக்கு மதுரை கோ.புதூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற சர்வேயர் பதில் சொல்கிறார்.

கேள்வி: சார், என் மகன் போலந்தில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறான். அவன் இருக்கும் ஊர் பெயர் ஸமோஷ்ச். “எங்க ஊரு 1580-ல ஏப்ரல் 10-ம் தேதி பொறந்துச்சும்மா” என்று போனில் சொல்கிறான். மனுசருக்குப் பிறந்த தேதி உண்டு, சரி. ஊருக்கு எப்படி? நம்ம மதுரைக்கு அப்படி ஒரு தேதி இருக்கிறதா?
– ஒரு வாசகி, திருமங்கலம்

உங்கள் மகன் சொன்னது சரிதான் அம்மா. ஆனால் அன்றைக்கு அங்கே போய்ப் பார்த்திருந்தால் ஊர் எதுவும் கண்ணில் பட்டிருக்காது. இரண்டு சின்ன ஆறுகள் சேரும் இடம், புல்வெளி, சதுப்பு, அவ்வளவுதான். அன்று நடந்தது ஒரு பத்திரத்தில் கையெழுத்து. அந்தத் தேதியைத்தான் ஊரின் பிறந்த நாளாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கையெழுத்துப் போட்டவர் யான் ஸமோய்ஸ்கி. 1542-ல் பிறந்தவர். பக்கத்திலேயே ஸ்கொக்குஃப்கா என்ற கிராமத்தில் குடும்பத்து வீடு. வாலிப வயதில் இத்தாலிக்குப் போய்ப் பதுவாவில் சட்டம் படித்தார். பதுவா எது என்று கேட்கவேண்டாம். செவ்வாய்க்கிழமைதோறும் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்களே, அந்தப் பதுவை அந்தோனியாரின் ஊர்தான். அங்கே மாணவர்களே தங்களுக்கு ரெக்டரை, அதாவது தலைவரை, தேர்ந்தெடுக்கும் வழக்கம் இருந்தது. 1563-ல் அந்தப் பதவி இவருக்குக் கிடைத்தது. ஊர் திரும்பியதும் அரசியலில் மளமளவென்று மேலே போனார். 1578-ல் போலந்தின் பெரிய சான்சலர், அதாவது அரச முத்திரையைக் கையில் வைத்திருக்கும் மந்திரி. 1581-ல் படைத்தலைவர் பதவியும் சேர்ந்துகொண்டது. முத்திரையும் வாளும் ஒரே ஆள் கையில் இருந்தால் நிலத்துக்கு என்ன குறைச்சல்?

இவ்வளவு இருந்தும் தன் பெயர் சொல்ல ஒரு ஊர் வேண்டும் என்று ஆசைப்பட்டார். பதுவாக்காரரான பெர்னார்டோ மொராண்டோ என்ற கட்டடக் கலைஞரை வரவழைத்தார். தெரு, திடல், கோட்டை, அரண்மனை, கோயில் எல்லாவற்றையும் ஒரே மூளை, ஒரே தாளில் போட்டது. மொராண்டோ திரும்பிப் போகவே இல்லை. அந்த ஊரிலேயே குடியிருந்து மேயராகவும் ஆனார். வரைபடம் போட்டுக் கொடுத்தவனையே அந்த ஊருக்குப் பொறுப்பாக உட்கார வைத்தது ரொம்ப நல்ல ஏற்பாடு. எங்கள் துறையிலும் அப்படி ஒரு விதி இருந்திருந்தால் பல லே-அவுட்டுகளில் சாக்கடை மேட்டை நோக்கி ஓடாது.

பத்திரத்தின் சாரம் மாக்டெபுர்க் சட்டம். மாக்டெபுர்க் ஜெர்மனியில் உள்ள ஒரு நகரம். அந்த நகரத்தின் சட்டத்தை முன்மாதிரியாக வைத்து மத்திய ஐரோப்பா முழுக்க நூற்றுக்கணக்கான ஊர்கள் ஏற்படுத்தப்பட்டன. ஊருக்குத் தனிக் கவுன்சில், தனி நீதிமன்றம், சந்தை கூட்டும் உரிமை. குடியேறுகிறவருக்கு அளந்த மனை. வீடு கட்டித் தலையெடுக்கும்வரை சில வருஷத்துக்கு வரி கிடையாது. இப்படி எழுதிக் கொடுத்தால்தான் ஆள் வரும். போலந்தின் பழைய தலைநகரான கிராகூஃப் மங்கோலியர் படையெடுப்பில் 1241-ல் நாசமானது. அதையும் 1257, ஜூன் 5-ம் தேதி இப்படித்தான் ஒரு பத்திரம் எழுதி மறுபடி ஏற்படுத்தினார்கள். அங்கே நடுத்திடல் பக்கத்துக்கு 200 மீட்டர்.

நம்ம மதுரைக்கு வருவோம். தேதி கிடையாது. திருவிளையாடலை நம்புகிறவர்களுக்கு எல்லை உண்டு: வங்கியசேகர பாண்டியன் ஊரின் பழைய எல்லை எது என்று சொக்கநாதரிடம் கேட்டான். அவர் கையிலிருந்த பாம்பு இறங்கிப் போய் ஊரைச் சுற்றி வளைத்து வாலை வாயில் கவ்விக் காட்டியது. ஆலவாய் என்ற பெயருக்கு அந்தக் கதையைத்தான் சொல்வார்கள். எங்கள் துறையின் முதல் சர்வேயர் அந்தப் பாம்புதான் என்று ஆபீசில் பேசிச் சிரிப்போம். லஞ்சம் வாங்காமல் ஒரே நாளில் எல்லை காட்டியது வேறு யாருமில்லை. அரசாங்கக் காகிதத்தில் மதுரைக்கு என்று எழுதின தேதி வேண்டுமானால் 1866: அந்த வருஷம் முனிசிபாலிட்டி ஆனது. 1971-ல் மாநகராட்சி.

1580-ல் இங்கே வீரப்ப நாயக்கர் காலம். மாசி வீதியும் ஆவணி மூல வீதியும் ஏற்கெனவே சுற்றிச் சுற்றி நின்றன. தேர் திரும்பும் அளவை வைத்துத்தான் நம் வீதி போட்டார்கள். நடுவில் மீனாட்சி உட்கார்ந்திருக்கிறாள். ஸமோஷ்சில் நடுவில் வெறும் திடல். சந்தைக்கு விட்ட இடம். கோயில் ஓரமாக, மேற்கே தள்ளி. அரண்மனை இன்னும் மேற்கே. நகர மன்றக் கட்டடத்தைக்கூட நடுவில் விடவில்லை. திடலின் வடக்கு ஓரத்தில் ஒட்டி வைத்துவிட்டார்கள்.

உங்கள் மகன் அனுப்பிய படங்களை நீங்கள் எனக்கு அனுப்பியிருந்தீர்கள். அதில் ஒரு படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். திடல் பக்கத்துக்கு 100 மீட்டர். பழைய சங்கிலிக் கணக்கில் கிட்டத்தட்ட 5 சங்கிலிக்கு 5 சங்கிலி. ஒரு ஹெக்டேர், அதாவது 2 ஏக்கர் 47 சென்ட். நம்ம வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்குள் இப்படி எட்டுத் திடல் போடலாம். ஆனால் குளம் வேறு, திடல் வேறு. நாலு பக்கமும் வீடுகள் ஏறக்குறைய ஒரே உயரத்தில், கீழ்த்தளத்தில் வளைவு வளைவாகத் தாழ்வாரம். மழை பெய்தாலும் நனையாமல் திடலைச் சுற்றிக் கடை பார்க்கலாம். தாழ்வாரம் வீட்டுக்காரருடைய மனையில் இருக்கிறது, நடப்பதோ ஊர் ஜனம். புதுமண்டபத்துப் பக்கம் நடைபாதையை ஆக்கிரமித்த கடைகளுக்கு நோட்டீஸ் கொடுத்து அலுத்துப்போன எனக்கு அந்தத் தாழ்வாரத்தைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது.

கேள்வி: ஸமோஷ்ச் போலந்தில் எந்த மூலையில் இருக்கிறது? மலை, கடல் ஏதாவது உண்டா? குளிர் எப்படி?
– கல்லூரி மாணவி, மேலூர்

தென்கிழக்கு மூலை. லூப்ளின் என்ற பெரிய நகரத்துக்குத் தெற்கே தென்கிழக்கில் சுமார் 80 கிலோமீட்டர். இன்னும் கிழக்கே போனால் உக்ரைன் எல்லை. மக்கள்தொகை அறுபதாயிரத்தை ஒட்டி. நம்ம கணக்கில் திருமங்கலத்தைவிடக் கொஞ்சம் பெரிய ஊர்.

கடல் இல்லை. பால்டிக் கடலுக்கு 500 கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டும். மலை என்று சொல்ல ரொஸ்டோச்சே குன்றுகள் தெற்கே இருக்கின்றன. 400 மீட்டரைத் தொடாத உயரம்; காடும் சுண்ணாம்புக்கல்லும். நம்ம அழகர்மலையில் ஏறிப் பழகினவர்களுக்கு அது மேடு. ஊர் 200 மீட்டருக்குச் சற்று மேலே, லாபுங்கா, டொபொர்னிட்சா என்ற இரண்டு சிற்றாறுகளின் கரையில் இருக்கிறது. லாபுங்கா போய் வியெப்ஷ் ஆற்றில் விழும், வியெப்ஷ் விஸ்துலாவில் விழும், விஸ்துலா பால்டிக்கில். ஆற்றை அணை போட்டுத் தேக்கி, கோட்டைக்கு ஒரு பக்கம் பெரிய நீர்ப்பரப்பையே உண்டாக்கி வைத்திருந்தார்கள். எதிரி அந்தப் பக்கமாக வரமுடியாது. வைகைக் கரையில் வீடு கட்டிக்கொண்டு ஆற்றில் தண்ணீரைத் தேடும் நமக்கு இது கதை மாதிரி இருக்கும்.

மண்ணைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் வேலைக்குத் துரோகம். அது காற்றில் வந்து படிந்த மண். பனியூழிக் காலத்தில் பனிப்பாறைகள் அரைத்த மாவு போன்ற தூசியைக் காற்று அள்ளிக்கொண்டுவந்து மீட்டர் கணக்கில் படியவிட்டது. அதன்மேல் கருமண். கோதுமையும் சர்க்கரை காய்ச்சும் பீட்கிழங்கும் அமோகமாக விளையும். உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துக் கரிசல் பாறை சிதைந்து உண்டான மண். கோடையில் கால் உள்ளே போகிற அளவுக்கு வெடிக்கும். அது அப்படி வெடிக்காது, ஆனால் சரிவில் தண்ணீர் ஓடினால் அறுத்துக்கொண்டு போய்விடும். ஸமோய்ஸ்கிக்கு வந்த பணம் இந்த மண்ணிலிருந்து வந்த பணம். இந்த மண்ணால் வந்த கேடு ஒன்று உண்டு. அதைக் கீழே வேறொரு கேள்வியில் சொல்கிறேன்.

இன்னொன்று, வழி. லூப்ளினிலிருந்து லுவூஃபுக்கும் (இப்போது உக்ரைனில் உள்ள லிவிவ் நகரம்) அங்கிருந்து கருங்கடல் பக்கத்துக்கும் போகிற வியாபாரப் பாதையில்தான் அவர் மனை பிடித்தார். சும்மா ஒரு அழகான புல்வெளியில் கோட்டை கட்டவில்லை.

குளிர்: ஜனவரியில் பூஜ்யத்துக்குக் கீழே. ஜூனில் பகல் 16 மணி நேரம், டிசம்பரில் 8 மணி நேரம்தான். அட்சரேகை 50-ஐத் தாண்டியாயிற்று, நமக்கு 10-கூட முழுசாக இல்லை.

கேள்வி: அந்த ஊரின் வரைபடம் மனித உடம்பு மாதிரி இருக்கிறதாமே? அரண்மனை தலை, தெரு முதுகெலும்பு என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. நம் வாஸ்து புருஷன் போலந்துவரை போயிருக்கிறாரா?
– ஒரு கட்டட மேஸ்திரி, ஒத்தக்கடை

வாட்ஸ்அப்பில் வந்தது முழுப் பொய் இல்லை தம்பி. அந்த ஊர்க்காரர்களே சுற்றுலா வருகிறவர்களுக்கு அப்படித்தான் சொல்கிறார்கள். மேற்கே அரண்மனை தலை. அங்கிருந்து கிழக்கே நீளும் க்ரொட்ஸ்கா தெரு முதுகெலும்பு. கல்விச்சாலையும் கோயிலும் நுரையீரல். திடல் வயிறு. குறுக்கே போகும் தெருவின் இரு முனையிலும் உப்புச் சந்தை, தண்ணீர்ச் சந்தை என்று இரண்டு சின்னத் திடல்கள். கோட்டையின் முனைக்கொத்தளங்கள் கை, கால்.

மறுமலர்ச்சிக் கால இத்தாலியில் ‘உத்தம நகரம்’ எப்படி இருக்கவேண்டும் என்று ஆளாளுக்குத் தாளில் வரைந்து தள்ளினார்கள். நகரத்தை உடம்போடு ஒப்பிடுவது அவர்களிடம் சகஜம். அதற்கு வாஸ்து புருஷன் கப்பல் ஏற வேண்டியதில்லை. ஆனால் அந்த இத்தாலியர்கள் போட்ட வரைபடங்களில் முக்கால்வாசி தாளிலேயே நின்றுவிட்டன. அப்படி வரைந்தபடியே கட்டி, நாலு நூற்றாண்டுக்கு மேல் அப்படியே நிற்கிற ஒரு சில ஊர்களில் இது ஒன்று. அதனால்தான் 1992-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள்.

எனக்கு என்னவோ உடம்புக் கதையைவிட அளவுதான் பிடித்தது. கோட்டைக்குள் இருந்த பழைய ஊர் சுமார் 600 மீட்டர் நீளம், 400 மீட்டர் அகலம். ஏறக்குறைய 60 ஏக்கர். இதற்குள் அரண்மனை, மூன்று சந்தை, பல மதத்துக் கோயில்கள், கல்விச்சாலை, ஆயுதசாலை, குடியிருப்பு எல்லாம். நீங்கள் ஒத்தக்கடையில் இருப்பதால் சொல்கிறேன்: விவசாயக் கல்லூரி வளாகத்துக்குள் ஒரு மூலையில் அந்த ஊரை வைத்துவிடலாம்.

கேள்வி: கோட்டை இப்போதும் இருக்கிறதா?
– வாசகர், மேலமாசி வீதி

கேட்கிறவர் இருக்கும் இடத்தைப் பார்த்தால் பதிலைப் பாதி தெரிந்து வைத்துக்கொண்டுதான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் வீட்டிலிருந்து மேற்கே நடந்தால் வெளி வீதி. அது கோட்டைக்கு வெளியே இருந்ததால் வந்த வீதி. கலெக்டர் பிளாக்பர்ன் 1840-களை ஒட்டிக் கோட்டைச் சுவரை இடிக்கச் சொல்லி, அகழியைத் தூர்த்தார். சுவரை இடித்துத் தூர்க்கிறவனுக்கே அந்த மனை என்று சலுகை கொடுத்ததாகச் சொல்வார்கள். வேலையைப் பார்த்த மாரட்டுக்கும் பெருமாள் மேஸ்திரிக்கும் தெருப் பெயரே கிடைத்தது. பிளாக்பர்னுக்கு விளக்குத்தூண். மிச்சம் பெரியார் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு துண்டு.

ஸமோஷ்ச் கோட்டையை வெளியிலிருந்து பிடிப்பது சாமானியமில்லை. 1648-ல் உக்ரைன் பக்கத்துப் போர்வீரர்களான கசாக்குகளின் தலைவன் ஹ்மெல்னிட்ஸ்கி கிரிமியாவின் தார்த்தாரியரையும் கூட்டிக்கொண்டு வந்து முற்றுகையிட்டான். பணம் வாங்கிக்கொண்டு போனான். 1656-ல் ஸ்வீடன் அரசர் பத்தாம் கார்ல் வந்தார். அவருக்கும் கதவு திறக்கவில்லை. 1831-ல் ரஷ்யர்களுக்கு எதிரான கிளர்ச்சி எல்லா இடத்திலும் அடங்கிய பிறகு, கடைசியாகச் சரணடைந்த கோட்டை இதுதான். அதற்கு முன்பே ரஷ்ய ஆட்சிக்கு அந்த ஊர் ராணுவத்துக்கு வேண்டியிருந்தது. 1821-ல் ஸமோய்ஸ்கி குடும்பத்திடமிருந்து ஊரையே அரசாங்கம் வாங்கிக்கொண்டு அரண்மனையை ராணுவ ஆஸ்பத்திரி ஆக்கியது. பீரங்கிகள் பெரிசாகப் பெரிசாக இந்த மாதிரிச் சுவர் பயன்படாமல் போயிற்று. 1866-ல் இடிக்க உத்தரவு. மதுரை முனிசிபாலிட்டி ஆன அதே வருஷம்.

இடித்த பிறகும் சில கொத்தளங்களும் வாசல்களும் தப்பின. அதில் பழைய லூப்ளின் வாசலின் கதையைச் சொல்லியே ஆகவேண்டும். 1588 ஜனவரியில் போலந்து அரியணைக்குப் போட்டியிட்டு வந்த ஆஸ்திரிய இளவரசர் மாக்ஸிமிலியனை பிச்சினா போரில் ஸமோய்ஸ்கி தோற்கடித்துப் பிடித்தார். கைதியாக அந்த வாசல் வழியாகத்தான் ஊருக்குள் கொண்டுவந்தார்கள். ஒரு இளவரசன் கைதியாக வந்த வாசலில் இனி வேறு யார் வருவது என்று அதைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார் ஸமோய்ஸ்கி. கட்டி முடித்த கையோடு அடைத்த வாசல்! இப்படிப்பட்ட கர்வத்தை நம்ம பாளையக்காரர்களிடம்கூட நான் கேள்விப்பட்டதில்லை.

கேள்வி: ஆர்மீனியர், யூதர், கிரேக்கர் எல்லாம் அங்கே குடியேறியதாகப் படித்தேன். போலந்தின் மூலையில் உள்ள சின்ன ஊருக்கு அவர்கள் எதற்காக வந்தார்கள்?
– ஜவுளி வியாபாரி, தெற்குமாசி வீதி

எழுதிக் கொடுத்ததால் வந்தார்கள். 1585-ல் ஆர்மீனியர்களுக்கு ஒரு பத்திரம். 1588-ல் ஸ்பெயினிலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்களின் வழிவந்த ஸெஃபார்டி யூதர்களுக்கு ஒரு பத்திரம். 1589-ல் கிரேக்கர்களுக்கு. வீடு வாங்கலாம், கடை வைக்கலாம், உங்கள் கோயிலைக் கட்டிக்கொள்ளலாம் என்று தனித்தனியாகச் சலுகை. சதுப்பு நிலத்தில் கல் ஊன்றி மனை பிரித்துவிட்டு யாராவது வருவார்களா என்று காத்திருக்கும் ஆள் அல்ல ஸமோய்ஸ்கி. யாருக்குக் கீழ்த்திசை வியாபாரம் தெரியுமோ அவர்களைக் கூப்பிட்டுக் கையில் காகிதத்தைக் கொடுத்தார். ஆர்மீனியர்கள் கம்பளம், பதனிட்ட தோல், வாசனைச் சரக்கு கொண்டுவந்தார்கள்.

நீங்கள் தெற்குமாசி வீதிக்காரர், உங்களுக்கு இது புதுசா என்ன? நாயக்கர்கள் காலத்தில் சௌராஷ்டிர நெசவாளர்கள் மகால் பக்கத்தில் வந்து குடியேறினார்கள். ராணி மங்கம்மாள் ஆட்சியில் அவர்களுக்கு ஓலைச் சாசனமும் கிடைத்தது. வேறு மொழி பேசுகிற கைத்தொழில்காரனை ஊருக்குள் வைத்துக்கொள்ள ஆட்சியில் இருப்பவர் எழுத்தில் ஒன்று கொடுத்தால் அவன் பேரப்பிள்ளையும் அங்கேயே தறி போடுவான்.

அங்கே ஆர்மீனியர்கள் கட்டிய வீடுகள்தான் இன்று தபால் அட்டையில் வருகின்றன. நகர மன்றத்தை ஒட்டித் திடலின் வடக்குப் பக்கம் வரிசையாக ஐந்து வீடுகள்: பச்சை, மஞ்சள், செங்கல் நிறம், நீலம், சிவப்பு. முகப்பில் சுதை வேலை. ஒரு வீட்டில் தேவதூதர், இன்னொன்றில் பாம்பரக்கனை மிதிக்கும் மாதா. கூரையே தெரியாதபடி மேலே அலங்காரச் சுவர். ஆனால் ஆர்மீனியர்களின் கோயில் 19-ம் நூற்றாண்டில் இடிபட்டது. அவர்களும் மெல்ல மெல்ல அந்த ஊர் ஜனத்தோடு கலந்துபோனார்கள்.

ஸமோய்ஸ்கி இன்னொரு பத்திரமும் எழுதினார், தன் குடும்பத்துக்கு. 1589-ல் நாடாளுமன்ற ஒப்புதலோடு சொத்து முழுவதையும் பாகம் பிரிக்க முடியாத எஸ்டேட்டாக ஆக்கினார். மூத்த ஆண் வாரிசுக்கு மட்டும். விற்கவோ துண்டு போடவோ கூடாது. சிவகங்கை, ராமநாதபுரம் ஜமீன் வழக்குகளின் பழைய கட்டுகளைப் புரட்டியவர்களுக்கு இந்த ஏற்பாடும் இதில் வருகிற சண்டையும் அத்துப்படி. அந்த எஸ்டேட் 1944 வரை நீடித்தது. இங்கே ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948. நாலு வருஷம்தான் வித்தியாசம். 1594-ல் ஒரு கல்விச்சாலையும் தொடங்கினார். அது 1784-ல் ஆஸ்திரியர் ஆட்சியில் மூடப்பட்டது.

யூதர்களின் கதைக்கு வருகிறேன். 1610-ஐ ஒட்டித் தொடங்கி எட்டு வருஷத்தில் அவர்கள் கட்டிய ஜெபக்கூடம் இன்றும் இருக்கிறது. 1939-ல் ஊர் மக்கள் சுமார் 28,000 பேரில் 12,000 பேர் யூதர்கள். 1942 ஏப்ரலிலிருந்து, ஊரைப் பிடித்து வைத்திருந்த ஹிட்லரின் நாஜிகள் அவர்களை ரயிலில் ஏற்றிப் பெல்ஷெட்ஸ் முகாமுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். அது ஊரிலிருந்து 40 கிலோமீட்டரை ஒட்டிய தூரம்தான். இன்று ஜெபக்கூடம் அருங்காட்சியகமாக இருக்கிறது. தொழுகைக்கு ஊரில் ஆள் இல்லை.

அந்தக் கருமண்ணைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? நாஜிகளுக்கு அதன்மேல் கண். அங்கே இருக்கும் போலந்துக்காரர்களை அப்புறப்படுத்திவிட்டு ஜெர்மானியரைக் குடியேற்றத் திட்டம் போட்டார்கள். 1942 நவம்பர் கடைசியில் ஸ்கியெர்பியெஷூஃப் கிராமத்தில் தொடங்கினார்கள். மொத்தம் சுமார் 300 கிராமங்களிலிருந்து 1,10,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். அதில் 30,000 குழந்தைகள். ஸமோஷ்ச் என்ற ஊர்ப் பெயரையும் மாற்ற ஏற்பாடு நடந்தது. நான் வேலை பார்த்த காலத்தில் நில எடுப்புக்காகச் சில கிராமங்களில் குறியடித்திருக்கிறேன். கல் ஊன்றும்போது வீட்டுக்காரர்கள் திண்ணையில் உட்கார்ந்து நம்மையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அங்கேயும் முதலில் வந்தவர்கள் அளவுக்காரர்களாகத்தான் இருந்திருப்பார்கள். நான் இதற்குமேல் எழுதவில்லை.

அந்த ஸ்கியெர்பியெஷூஃபில் அப்போது குடியேற்றப்பட்ட ஒரு குடும்பத்தில் 1943-ல் பிறந்தவர் ஹோர்ஸ்ட் கோலர். பிற்பாடு ஜெர்மனியின் குடியரசுத் தலைவர் ஆனார்.

கேள்வி: இப்படிப் பத்திரம் எழுதி ஏற்பட்ட ஊர்களில் போலந்திலேயே பழையது எது?
– போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், சோழவந்தான்

ஸ்வொட்டொரியா என்று எழுதுங்கள். 1211. போலந்தின் மேற்கே ‘கீழ் சைலீசியா’ என்ற பகுதியில், கச்சாவா ஆற்றங்கரையில் உள்ள சின்ன ஊர். சுமார் 15,000 பேர். ஆற்று மணலில் தங்கம் கிடைத்ததால் ஜெர்மன் சுரங்கத் தொழிலாளர்கள் வந்தார்கள். அவர்களை உட்கார வைக்கத் தாடிக்கார ஹென்றி என்று பெயர்பெற்ற அந்தப் பகுதியின் அதிபதி நகர உரிமை எழுதிக் கொடுத்தார். இன்றும் அங்கே தங்கம் அரிக்கும் போட்டி நடத்துகிறார்கள். தேர்வில் இதைக் கேட்கமாட்டார்கள் தம்பி, ஆனாலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ரோசா லக்சம்பர்க் ஸமோஷ்சில் பிறந்தவர்தானே? எங்கள் சங்க ஆபீசில் படம் இருக்கிறது.
– ஓய்வுபெற்ற மில் தொழிலாளி, ஹார்விபட்டி

ஆமாம் தோழர். அந்தப் பொதுவுடைமைத் தலைவர் பிறந்தது அங்கேதான், 1871 மார்ச் 5. சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே குடும்பம் வார்சாவுக்குப் போய்விட்டது. அவர் பிறந்த வீடு என்று பொதுவுடைமை ஆட்சிக் காலத்தில் வைத்த பலகையை 2018-ல் எடுத்துவிட்டார்கள். உங்கள் ஆபீஸ் படம் பத்திரமாக இருக்கட்டும். எழுத்தாளர் பெரெட்ஸும் அந்த ஊர்க்காரர்தான், 1852-ல் பிறந்தவர். கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய யித்திஷ் மொழி இலக்கியத்தில் பெரிய பெயர்.

கேள்வி: முதல் கேள்வி கேட்ட திருமங்கலத்துக்காரிதான் சார். மகன் ஞாயிற்றுக்கிழமையில் சும்மா அறையில் படுத்துக்கிடக்கிறான். என்ன பார்க்கச் சொல்லட்டும்?

நல்ல கேள்வி இதுதான். கோடையாக இருந்தால் நண்பகல் 12 மணிக்குத் திடலில் நிற்கச் சொல்லுங்கள். நகர மன்றக் கோபுரம் 52 மீட்டர். மேலேயிருந்து ஒருவர் எக்காளம் ஊதுவார். மூன்று திசைக்கு மட்டும் ஊதுவார், மேற்கே ஊதமாட்டார். மேற்கே கிராகூஃப் இருக்கிறது. அங்கே இருந்த அரசரோடு ஸமோய்ஸ்கிக்கு ஆகாது, அதனால் அந்தப் பக்கம் ஊதாதே என்று அவர் சொல்லிவிட்டார் என்பது ஊர்க்கதை. மன்னர் போய்விட்டார், சான்சலர் 1605-லேயே போய்ச் சேர்ந்தார், கோபம் மட்டும் இறங்கவில்லை. நம்ம ஊர்களில் பங்காளிச் சண்டைக்காகச் சுவாமி ஊர்வலம் சில தெருவுக்குப் போகாதே, அந்த மாதிரி.

அப்புறம் ஸ்வியெஷினியெட்ஸ் ஒரு நாள் போய் வரலாம். தெற்கே ரொஸ்டோச்சே காட்டுக்குள் இருக்கும் சிற்றூர். 1593-ல் ஸமோய்ஸ்கி அங்கே மைல் கணக்கில் வேலி போட்டு வேட்டை விலங்குகளை வளர்த்தார். இப்போது தேசியப் பூங்கா. கோனிக் என்ற குட்டையான சாம்பல் நிறக் குதிரைகள் திரியும். குளத்துக்கு நடுவில் ஒரு சின்னக் கோயில் உண்டு. சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும் பகுதி.

சாப்பாட்டுக்குச் செபுலாஷ் வாங்கித் தின்னச் சொல்லுங்கள். லூப்ளின் பக்கத்து வட்ட ரொட்டி, மேலே வெங்காயமும் கசகசாவும் பரப்பிச் சுடுவார்கள். அந்தப் பக்கத்து யூதர்களின் அடுமனையிலிருந்து வந்த பண்டம். சூடாக இருக்கும்போது வாங்கவேண்டும். ஆறினால் நம்ம ஆறின பரோட்டா கதிதான். பத்திரத்தின் நகல் அருங்காட்சியகத்தில் எங்காவது மாட்டியிருந்தால் ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள் அம்மா. முத்திரை தெளிவாகத் தெரியவேண்டும்.